ஷைனி வைக்கும் பேர்கள்

ஷைனியின் கடையில் எந்த லேப்டாப்பை வாங்கினாலும் அதற்கு ஏற்கெனவே ஒரு பேர் இருக்கும். வாங்குகிறவர்களுக்கு அது தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. என் மகள் எழிலரசி பிள்ளை பெற்று எங்கள் வீட்டில் இருந்த நாளில், மழைக்கு இருட்டிக்கொண்டு வந்த ஒரு மத்தியானம், அந்தப் பேர் வெள்ளை எழுத்தில் எங்கள் வீட்டுக்குள் வந்து நின்றது.

ஷைனியைக் கும்மிடிப்பூண்டியில் நிறைய பேருக்குத் தெரியும். ஸ்டேஷனில் இறங்கி பஜாருக்குப் போகிற வழியில், ஒரு பேட்டரிக் கடையை ஒட்டினாற்போல் அவள் கடை. பழைய லேப்டாப்பை வாங்குவாள், பிரித்துச் சரி பண்ணுவாள், விற்பாள். நாற்பதை நெருங்குகிற வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சுக்குப் போய்விடுவாள். மற்றபடி எப்போது போனாலும் மேசை விளக்கை முகத்துக்கு நேரே இழுத்து வைத்துக்கொண்டு குனிந்தபடி இருப்பாள். ஸ்க்ரூ டிரைவரைக் கொண்டையில் சொருகி வைத்துக்கொண்டு அதையே தேடுவாள்.

எனக்கு அவளை அதற்கு முன்னாலேயே தெரியும். சிப்காட்டுக்குள் நான் வேலை பார்த்த மில்லில் அவள் டைம் ஆபீசில் இருந்தாள். சிவக்கக் காய்ந்த இரும்புக் கட்டியை உருளைகளுக்கு நடுவே விட்டுக் கம்பியாக இழுக்கிற மில் அது. அந்த உருளைகள் நிற்கிற ஒவ்வொரு இடத்தையும் ஸ்டாண்டு என்போம். ஷைனியின் அப்பா புதுவாயல் பக்கம் வயல் வேலை செய்தவர். சர்ச்சில் நடத்திய கம்ப்யூட்டர் வகுப்பில் படித்துவிட்டு, இருபது வயதில் எங்கள் மில்லுக்கு வந்தாள். விரல் வைத்து அட்டெண்டன்ஸ் போடுகிற மிஷின் அவள் பொறுப்பு. புதிதாக வருகிறவன் பேரை அதில் ஏற்றுவாள். நின்று போகிறவன் பேரை எடுப்பாள்.

மில் மூடினபோது எல்லாம் ஏலத்துக்குப் போனது. ஷைனி மட்டும் மேனேஜரிடம் போய், தனக்கு வர வேண்டியதற்குப் பதிலாக ஆபீசில் கிடந்த பழைய லேப்டாப்புகளைக் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அதை வைத்துத்தான் கடை போட்டாள்.

இனி எங்கள் வீட்டு விஷயம். எங்களுக்கு எளாவூர். எழில் கல்யாணமாகி மணலியில் இருக்கிறாள். வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்கு ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கிற வேலை. தலைப்பிரசவத்துக்கு எங்களிடம் வந்தாள். பெண் குழந்தை. நான் அவளைக் கையில் வாங்கின அன்றிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. தூளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டேன். என் மனைவி செங்கம்மாள், "ஆட்டி ஆட்டி கொழந்தைக்கு தல சுத்தப் போவுது, ஊட்டு வேலயும் கொஞ்சம் பாருயா" என்பாள்.

அந்த நேரத்தில்தான் கம்பெனியிலிருந்து எழிலுக்குத் தகவல் வந்தது. அவள் லேப்டாப்பில் இருந்த பழைய விண்டோஸுக்கு இனி யாரும் பாதுகாப்பு தர மாட்டார்களாம், அதை வைத்துக்கொண்டு கம்பெனி சிஸ்டத்துக்குள் வரக்கூடாதாம். புது விண்டோஸ் போடலாம் என்றால் அவள் லேப்டாப் பழசு, ஏற்காது. லினக்ஸ் போட்டாலும் சரி என்று சொல்லியிருந்தார்கள். அதை விண்டோஸுக்குப் பதிலாக யாரும் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம், எல்லோரும் சேர்ந்து எழுதுகிறது, யாருக்கும் சொந்தமில்லை என்று எழில் விளக்கினாள். திங்கட்கிழமை காலையில் மேலாளர் பார்க்க லேப்டாப் நிற்காமல் ஓட வேண்டும். ஓடாவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். பிள்ளை பெற்றவளை வெளியே அனுப்ப முடியாது. நான்தான் பழைய லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறினேன்.

"தாத்தா ஆயிட்டீங்களாமே அண்ணே. ஸ்வீட்டு எங்க?" என்றாள் ஷைனி.

போனை எடுத்துப் பேத்தியின் போட்டோவைக் காட்டினேன். பேட்டரிக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அவருக்கும் காட்டினேன். பேட்டரி வாங்க வந்தவருக்கும் காட்டினேன்.

"மூக்கு உங்க மூக்குதான்."

"செங்கம்மா கிட்ட சொல்லாத. அவங்க அப்பா மூக்குன்னு சொல்லிகினு கீறா."

ஷைனி ஒரு பென் டிரைவைச் சொருகி எழிலின் லேப்டாப்பைத் திறந்தாள். உள்ளே எதையும் மாற்றாமலே லினக்ஸை அதிலிருந்து ஓட்டிப் பார்க்கலாமாம். கொஞ்ச நேரம் தட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"ஆவாதுண்ணே. இதுக்குள்ள கீற வைஃபை சிப்பு லினக்ஸு கூப்ட்டா திரும்பியே பாக்க மாட்டேங்குது. பொண்ணுக்கு புடிச்சிருக்கு, மாப்ளைக்கு காது கேக்கல."

"அப்ப வேற மாப்ள பாரு."

அலமாரியிலிருந்து கறுப்பாக ஒன்றை எடுத்தாள். எங்கள் மில் ஆபீசில் இருந்ததுதான். மூலையில் ஒட்டியிருந்த எண் சீட்டைச் சுரண்டிய தடம் இருந்தது. அதே பென் டிரைவைச் சொருகி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வைஃபை பிடித்தது. சத்தம் வந்தது. காமிராவில் என் முகம் தெரிந்தது. கடைசியாக மூடியை மூடிவிட்டு, அதன் மேல் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தாள். பிறகு திறந்தாள். திரை வெளிச்சமானது.

"மூடினா தூங்கணும், தொறந்தா முழிச்சிக்கணும். நெறய மாடல்ல லினக்ஸு தடுக்கி வுழற எடம் இதுதான். இது பாஸு."

அலமாரியின் மேல் தட்டில் இன்னொரு லேப்டாப் மூடியபடி இருந்தது. அதன் ஓரத்தில் மட்டும் ஒரு சின்ன விளக்கு நிலையாக எரிந்துகொண்டிருந்தது.

"அது இன்னும் பெருசா கீதே. அது வேணாமா?"

ஷைனி திரும்பிப் பார்க்கவில்லை. "அது வேணாம்ணே. எல்லாம் நல்லா வேல செய்யுது. மூடினா மட்டும் தூங்க மாட்டேங்குது."

அப்புறம் லினக்ஸை உள்ளேயே இறக்கினாள். நடுவில் திரை ஏதோ கேட்டது. அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, உதடு அசைய, மெதுவாக ஏதோ அடித்தாள். பாஸ்வேர்டு என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து எழிலிடம் கொடுத்தேன். நன்றாகத்தான் ஓடியது. ஒன்றே ஒன்று. கொஞ்ச நேரம் வேலை செய்தால் உள்ளேயிருக்கிற காற்றாடி சுற்றும். சுற்றும்போது மெல்லிதாக ஒரு விசில் வரும். இழுத்து விடுகிற மூச்சு மாதிரி. எழிலுக்கு அது பெரிசாகத் தெரியவில்லை. எனக்கு மட்டும் தூளிக் கயிற்றைப் பிடித்திருந்த கை நின்றது. அந்த விசிலை நான் எங்கோ கேட்டிருந்தேன். குழந்தையும் தூளிக்குள்ளிருந்து அந்தப் பக்கமே தலையைத் திருப்பிக்கொண்டாள். எப்படிப் படுக்க வைத்தாலும் அந்தப் பக்கம்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வானம் கறுத்துவிட்டது. சிப்காட் பக்கமிருந்து மழைக்கு முன்னால் வருகிற அந்த மருந்து நெடி வந்தது. செங்கம்மாள் ஜன்னலைச் சாத்தினாள். எழில் திங்கட்கிழமைக்காக எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்து வைத்துப் பழகிக்கொண்டிருந்தாள். திடீரென்று விசில் பெரிதாகி, நின்றது. திரை கறுப்பாகிவிட்டது. மேலேயிருந்து கீழே வெள்ளை எழுத்துகள் வந்து நின்றன.

"நைனா, இது இன்னாமோ ஆயிடுச்சி. இங்க வாயேன்."

நான் அதிகம் படிக்காதவன். ஆனால் மில்லில் கேட் பாஸ் படித்துப் படித்து இங்கிலீஷ் எழுத்து தெரியும். ஒரு வரியில் முதலில் இருந்த வார்த்தையை எழுத்தெழுத்தாகக் கூட்டினேன். கே, ஏ, எல், ஐ, ஒய், ஏ, என்.

கலியன்.

"எழிலு, இந்த பேர நீயா போட்ட?"

"நான் எதுவும் போடல நைனா. யாரு கலியன்?"

அவள் போனை எடுத்து அந்தத் திரைக்கு நேராகப் பிடித்தாள். போனில் அப்படிப் பிடித்தால் இங்கிலீஷ் எல்லாம் தமிழாக மாறித் தெரியும். எழுத்துகள் கொஞ்சம் ஆடிவிட்டு நின்றன. அவள் வாய்விட்டுப் படித்தாள். பாதியில் அவள் குரல் இறங்கிவிட்டது.

"கலியன். நினைவில் இல்லை. கொல்... அல்லது குழந்தையைப் பலி கொடு."

அடுப்படியிலிருந்து வந்த செங்கம்மாள் அதைக் கேட்டுவிட்டாள். தூளியிலிருந்து குழந்தையை வாரி எடுத்து மாரோடு அணைத்துக்கொண்டாள்.

கலியன் யார் என்று இங்கே சொல்லிவிட வேண்டும். அவனும் நானும் ஒரே ஷிப்ட். முன்பல் ஒன்று உடைந்தவன். மூச்சு விட்டால் அந்த இடைவெளியில் விசில் வரும். இருட்டில் வந்தாலும் கலியன்தான் வருகிறான் என்று தெரிந்துவிடும். எதையும் பார்த்து எடுக்க மாட்டான். ஆணியில் மாட்டியிருக்கிற ஹெல்மெட்டில் எது கைக்கு வருகிறதோ அதை எடுத்துப் போட்டுக்கொண்டு போவான்.

மில்லில் ஒரு வழக்கம் உண்டு. புது மிஷின் இறங்கினால் பூசணிக்காய் சுற்றி உடைத்து, ஒரு சேவலை அறுத்து, அந்த ரத்தத்தில் ஒரு பொட்டு வைத்த பிறகுதான் ஸ்விட்சைத் தொடுவோம். கேட்டதைக் கொடுத்துவிட்டால் அது மனுஷனைக் கேட்காது. ஒரு தடவை புது ஸ்டாண்டு வந்தபோது அவசரம் என்று எதுவும் செய்யாமல் ஓட்டினார்கள். அந்த வாரமே சிவந்த கம்பி தடம் மாறிப் பாய்ந்து கலியனைக் கொண்டுபோனது. அன்று நான் இரும்பைக் காய்ச்சுகிற சூளைப் பக்கம் இருந்தேன். மிஷின் காவு வாங்கிவிட்டது என்றார்கள்.

அதற்குப் பிறகு அந்த ஸ்டாண்டுக்குக் கலியன் என்றே பேர் ஆகிவிட்டது. ஷிப்டுக்கு வருகிறவன் அதைத் தட்டி, "கலியா, நான்டா" என்று சொல்லிவிட்டுத்தான் ஓட்டுவான். மில் மூடுகிறவரைக்கும் அந்த ஸ்டாண்டில் ஒருத்தனுக்கும் ஒரு கீறல் விழவில்லை.

"அந்த மில்லு பொட்டிய ஊட்டுக்குள்ள கொண்டாந்தியே, உனக்கு புத்தி கீதா?" என்றாள் செங்கம்மாள். "அது காவு கேக்குது. எழுதியே கேக்குது. எடுத்து வெளிய போடு."

"யம்மா, திங்கக்கிழம எனக்கு வேல போயிடும்" என்றாள் எழில்.

"போவட்டும். கொழந்த வேணுமா, வேல வேணுமா?"

எழில் அழ ஆரம்பித்தாள். செங்கம்மாள் தானே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் தண்ணீர்த் தொட்டி மூடி மேல் வைத்துவிட்டு வந்தாள். மழை தூற ஆரம்பித்தது. நான் போய் அதை எடுத்து, உள்ளே கொண்டுவரவும் தைரியமில்லாமல், வெளியே போடவும் மனசில்லாமல், நிலைப்படி ஓரத்தில் ஒரு கோணியால் மூடி வைத்தேன். கோணிக்குள்ளிருந்து விசில் வந்தது. ஷைனிக்குப் போன் செய்தேன். திரையில் இருந்ததைச் சொன்னேன். குழந்தை, பலி என்றதற்கெல்லாம் "உம்" என்று கேட்டாள். கலியன் பேர் வந்தது என்றதும் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"நான் வர்றேன்ணே. அத யாரும் தொறக்க வேணாம்."

மழை விட்டு, வெளிச்சம் இருக்கும்போதே ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தாள். முதலில் குழந்தையைப் பார்த்தாள். செங்கம்மாள் முந்தானையால் மூடிக்கொண்டு கொஞ்சமாகக் காட்டினாள். பிறகு ஷைனி நிலைப்படியிலேயே உட்கார்ந்து, அந்த வரிகளைப் படித்துவிட்டு, எழிலிடம் அமைதியாகச் சொன்னாள்.

"மெமரின்னு போட்டிருக்கிறது லேப்டாப்புக்குள்ள கீற எடம்மா. நீ ஒரே நேரத்துல நெறய தொறந்திருக்க, எடம் பத்தல. உன் போனு அத நினைவுன்னு மாத்திக்கிச்சி. ஒரு வேலயிலேர்ந்து இன்னொரு வேல முளைக்கும். முளைக்கிறத சைல்டுன்னு சொல்லுவாங்க. நிறுத்தறதத்தான் கொல்லுன்னு போட்டிருக்கு. எத நிறுத்தினா எடம் கெடைக்கும்னு பாத்துகினு கீது, அவ்ளோதான்."

"அதுக்கு பலின்னு எதுக்கு எழுதி வெச்சாங்க?" என்றாள் செங்கம்மாள்.

"எழுதனவங்களுக்கு அப்ப கொழந்த பொறந்திருக்காதுக்கா. இது பழய லினக்ஸு. சின்ன மெமரின்னு நான்தான் பழச போட்டேன். புதுசுல அந்த வார்த்தயே வராது. எடுத்துட்டாங்க."

"ஏன் எடுத்தாங்க?"

"அது தெரியல."

"யாரு ஊட்லயோ இன்னாமோ ஆயிருக்கும்" என்றாள் செங்கம்மாள்.

ஷைனி கொண்டையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை உருவி, ஒரு நியூஸ் பேப்பரை விரித்து, லேப்டாப்பைக் கவிழ்த்து அடி மூடியைக் கழற்றினாள். காற்றாடியைச் சுற்றிக் கறுப்பும் செம்மண் நிறமுமாகத் தூசி அப்பியிருந்தது. லேசாகத் தட்டியதும் பேப்பரில் கொட்டியது. எனக்கு அந்தத் தூசி தெரியும். அந்த மில்லில் இருந்தவரைக்கும் என் சட்டையிலும் சோற்றிலும் இருந்தது அதுதான். காய்ந்த இரும்பின் மேலிருந்து உதிர்கிற பொடி. ஷைனியின் ஸ்க்ரூ டிரைவர் முனையில் காந்தம் உண்டு. அவள் கையைத் தாழ்த்தினபோது அந்தப் பொடி மொத்தமும் மயிர் சிலிர்க்கிற மாதிரி எழுந்து நின்றது.

எழில் ஒரு அடி பின்னால் போனாள்.

"இத நான் முன்னயே தொடச்சிருக்கணும்" என்றாள் ஷைனி. "எப்டி இத்தன நாளு ஓடிச்சோ தெரியல."

நான் கேட்டேன், "தூசி சரிமா. மெமரி சரி. கலியன்?"

அவள் ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்.

"லினக்ஸு போடும்போது பொட்டிக்கு ஒரு பேரு கேக்கும்ணே. எதனா ஒண்ணு போட்டாத்தான் மேல போவும். மொத பொட்டிக்கு போடும்போது எனக்கு ஒண்ணும் தோணல. அப்புறம் கலியண்ணன் பேரு வந்துச்சி. அவர் பேர நான்தானே எடுத்தேன்."

"நீ எடுத்தியா?"

"அட்டெண்டன்ஸ் மிஷின்ல. எறந்துட்டாருன்னு சொன்ன ஒடனே, பேர எடுத்தாத்தான் அடுத்த ஷிப்ட் ரிப்போர்ட் வரும்னு மேனேஜரு நின்னாரு. அவரு இன்னும் கீழ படுத்துகினு கீறாரு, நான் மேல பேர அழிச்சிகினு கீறேன். வேற எடத்துல அடிபட்டு போன குணாவுக்கும் அப்டித்தான். அன்புசெல்வனுக்கும் அப்டித்தான். எடுத்த பேர எங்கயாவது திருப்பி ஏத்தணும்னு இருந்துச்சிண்ணே. பொட்டிக்கு ஒரு பேரா எல்லாத்தயும் ஏத்தினேன், உங்க ஊட்டுக்கு போறதுன்னு இதுக்கும் கலியண்ணன் பேரையே போட்டேன். எல்லா பொட்டியும் எங்கயோ ஒரு ஊட்ல ஓடிகினு கீது. தெனம் யாரோ தொறக்கறாங்க. தெரியாமலே."

குழந்தையை அணைத்திருந்த செங்கம்மாளின் பிடி லேசாகத் தளர்ந்தது. குழந்தை நியூஸ் பேப்பர் இருந்த பக்கம் தலையைத் திருப்பினாள்.

ஷைனி என்னை நேராகப் பார்த்தாள். "இன்னொன்னு சொல்லணும்ணே. சொல்லலாமான்னு தெரியல."

"சொல்லு."

"அன்னிக்கி கலியண்ணன் உங்க ஹெல்மெட்ட போட்டுகினு இருந்தாரு. பெயிண்ட்ல பரசுன்னு எழுதி இருந்துச்சி. மூஞ்சி அடையாளம் தெரியல. மொதல்ல எனக்கு வந்த சேதி பரசுராமன் போயிட்டாருன்னு. நான் மொதல்ல எடுத்தது உங்க பேரு."

என் பேர் பரசுராமன். அன்று சாயந்திரம் விரல் வைத்தபோது மிஷின் என்னை ஏற்றுக்கொள்ளாமல் சிவப்பு விளக்கு போட்டது எனக்கு ஞாபகம் வந்தது. விரலில் கிரீஸ் இருக்கிறது என்று நினைத்து, துணியில் துடைத்துவிட்டுத் திரும்பத் திரும்ப வைத்தேன்.

"அப்புறம்?" என்றாள் செங்கம்மாள்.

"இவரு டைம் ஆபீஸ் ஜன்னல்ல வந்து நின்னாரு. மிஷின் வேல செய்யலன்னு சொன்னாரு. நான் பயந்து கத்திட்டேன். அப்புறம் திருப்பி ஏத்தினேன்."

அவள் கத்தினது எனக்கு நினைவிருக்கிறது. கலியன் செத்ததற்கு அழுகிறாள் என்று அப்போது நினைத்தேன்.

ஷைனி வேலையில் இறங்கினாள். பையிலிருந்து ஒரு மெமரிப் பட்டையை எடுத்துச் சொருகினாள். காற்றாடியைத் துடைத்து மாட்டினாள். புது பென் டிரைவைப் போட்டு, பழசை எடுத்துவிட்டுப் புது லினக்ஸை இறக்கினாள். காற்றாடி சுற்றியது. விசில் இல்லை. எனக்கு அது நிம்மதியாகவும் இருந்தது, எதையோ வெளியே அனுப்பிவிட்ட மாதிரியும் இருந்தது.

நடுவில் திரை நின்றது. ஒரு காலிக் கட்டம். அதற்குள் ஒரு கோடு விட்டு விட்டு எரிந்தது.

"பேரு கேக்குது" என்றாள் ஷைனி. இந்தத் தடவை லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளவில்லை. "உங்க ஊட்டு பொட்டி. உங்க இஷ்டம். கலியன் வேணாம்னா மாத்திடலாம்."

"முருகன்னு போடு" என்றாள் செங்கம்மாள்.

"பாப்பான்னு போடலாமா?" என்றாள் எழில்.

"கொழந்த பேரு வேணாம்" என்று நானும் செங்கம்மாளும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

குழந்தைக்கு அதுவரை பேரே வைக்கவில்லை. மருமகன் வீட்டில் எண் கணக்குப் பார்த்துச் சொல்கிறோம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்கள். அது அப்போதுதான் என் மண்டையில் விழுந்தது. வீட்டுக்குள் பேர் கேட்கிற பெட்டி ஒன்று இருக்கிறது. பேர் இல்லாத பிள்ளையும் ஒன்று இருக்கிறது.

அந்தக் கோடு எரிந்து எரிந்து அணைந்தது. நான் காலித் தூளியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். இந்த இரும்பை முப்பது வருஷத்துக்குக் கிட்ட பார்த்தவன் நான். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

"கலியன்னே போடும்மா."

"இன்னாயா சொல்ற?" என்றாள் செங்கம்மாள்.

"பேரு இல்லாத மிஷினுதான் கேக்கும். புது ஸ்டாண்டுக்கு யாரும் பேரு வெக்கல, எடுத்துச்சி. கலியன்னு கூப்ட அப்புறம் யாரையாவது தொட்டுச்சா? அவன் உள்ள நின்னுகினு கீறான். நம்ம புள்ளய அவன் பாத்துப்பான்."

செங்கம்மாள் ரொம்ப நேரம் என்னைப் பார்த்தாள். என் ஹெல்மெட்டை நினைத்தாளோ, சிவப்பு விளக்கை நினைத்தாளோ, தெரியாது. கடைசியில், "எழுதும்மா" என்றாள் ஷைனியிடம்.

ஷைனி எழுத்தெழுத்தாக அடித்தாள். எல்லாம் முடிந்து திரை வெளிச்சமானதும், செங்கம்மாள் குழந்தையோடு கிட்டே போய், லேப்டாப்பின் ஓரத்தை இரண்டு விரலால் தட்டினாள்.

"கலியா, இது எங்க பேத்திடா" என்றாள்.

ஷைனி எழுந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு ஸ்கூட்டர் சாவியைத் தேடினாள். சாவி அவள் கையிலேயே இருந்தது.

திங்கட்கிழமை எழில் எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு மேலாளரிடம் பேசினாள். லேப்டாப் நிற்கவில்லை. வேலை அவளிடமே இருக்கிறது. அதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமையே, எண் கணக்கு வருகிறவரைக்கும் காத்திருக்காமல், மருமகனை வரச் சொல்லிப் பிள்ளைக்குப் பேர் வைத்துவிட்டோம். காதில் மூன்று தடவை சொன்னது நான்தான். அவள் கண்ணை அகலத் திறந்து என்னைப் பார்த்தாள். என்ன பேர் என்று இங்கே எழுதவில்லை. செங்கம்மாள் கூடாது என்கிறாள்.

பேப்பரில் கொட்டின அந்தப் பொடியைச் செங்கம்மாள் மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்தாள். ஆரணியாற்றில் கொண்டுபோய்க் கரைத்தேன். அது கரையவில்லை. நீருக்கு அடியில் போய் மணலின் மேல் ஒரு ஆள் படுத்திருக்கிற அளவுக்குப் பரவி, அப்படியே நின்றது. நான் திரும்பிப் பார்க்காமல் வந்தேன்.

போன வாரம் மாத்திரை வாங்கக் கும்மிடிப்பூண்டி போனபோது ஷைனி கடையில் எட்டிப் பார்த்தேன். பேத்தி சிரிக்க ஆரம்பித்திருக்கிறாள், அதைக் காட்ட வேண்டும். ஷைனி போட்டோவைப் பார்த்தாள். நான் அலமாரியின் மேல் தட்டைப் பார்த்தேன். அந்தப் பெரிய லேப்டாப் அங்கேயே இருந்தது. மூடியிருந்தது. ஓரத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"எடுத்த பேரு எல்லாத்தயும் திருப்பி ஏத்தினேன்னு சொன்னியே" என்றேன். "என் பேரும் எடுத்ததுதானே."

அவள் தலையைக் குனிந்துகொண்டு மேசை விளக்கை இழுத்தாள்.

"அதுல கீறது உங்க பேருதான். அதனாலதான் அத யாருக்கும் விக்கலண்ணே."

"இன்னும் தூங்கலயா?"

"தூங்கல. இன்னா பண்ணாலும் தூங்க மாட்டேங்குது."

"நல்லது" என்று சொல்லிவிட்டு ரயிலுக்குக் கிளம்பினேன்.